இடப்பக்கம் கொஞ்சம் கனம்

பத்து கிலோ இரும்புத் தட்டைத்
தன் முதுகில் தானே வைத்துக்கொள்ள முடியாது.
கை இரண்டும் தரையில் இருக்கும்.
தண்டால் எடுக்கிறவன் முதல் நாளே
தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.
எனக்குத் தெரிய
வெல்தா வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

பதினொரு வருஷம் அவள்தான் வைத்தாள்.
காப்பிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் விட்டுவிட்டு
இரண்டு கையாலும் தூக்கி
தோள்பட்டைகளுக்கு நடுவே இறக்குவாள்.
இரும்பின் குளிருக்கு ஒருமுறை நெளிவேன்.
"இங்கேயா?"
"கொஞ்சம் கீழே."
கடைசி வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது
ஏறக்குறைய இவ்வளவுதான்.

லியபாயாவில் காற்று ஓய்வதில்லை.
ஐந்தாம் மாடியில், சமையலறை ஜன்னல் இடுக்கில்
நாடா ஒட்டியும் விசிலடிக்கிறது.
அந்த விசிலுக்கு எண்ணிக்கை வைத்து
வெறும் உடம்போடு ஐம்பது எடுத்தேன்.
ஐம்பத்தைந்து.
அப்புறம் சலித்துவிட்டது. உடம்புக்கு அல்ல.

முதலில் மலையேறும் பை.
ஆறு கிலோ சர்க்கரை, இரண்டு செங்கல்,
இடம் நிரப்ப ஒரு ரஷ்ய அகராதி.
பன்னிரண்டாவது இறக்கத்தில்
எல்லாம் சேர்ந்து பிடரிக்குச் சரிந்தன.
அகராதி மண்டையில் இடித்தது.
பள்ளியில் கூட அது என்னை இப்படித் தொட்டதில்லை.

பிறகு மணல்.
கடல் பக்கத்தில்தான், காசில்லை.
ஜனவரி மணல் உறைந்து கட்டியாக வந்தது,
அறைச் சூட்டில் இளகி
முதுகெலும்பு வழியே ஒழுகியது.
மூன்று நாள் ரொட்டியில் மணல் கடித்தேன்.

பிறகு ரப்பர் பட்டை.
அறுந்து பறந்ததில் ஒரு ஜாடி ஊறுகாய் வெள்ளரிக்காய் போயிற்று.

கடையில் எடைச் சட்டை இருந்தது.
கறுப்பு, பளபளப்பு, நூற்று முப்பது யூரோ.
எனக்கு அது ஒரு மாத வெப்பக் கட்டணம்.
போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் நின்றேன்,
கழற்றி மாட்டிவிட்டு வந்தேன்.

துறைமுகத்தில் முக்குளிக்கிற ஆர்வீட்ஸ்
பழைய ஈயக் கட்டிகளைத் தந்தான்.
"இது ஆளை அடியில் இறக்கச் செய்தது," என்றான்,
"நீ என்ன செய்யப் போகிறாய்?"
சொன்னேன். சிரித்தான்.
அந்தப் பெல்ட்டை அப்படியே கட்டினால்
இடுப்பு தொய்ந்து தொட்டிலாகிறது.
எனவே வேலைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையில்
எட்டுப் பைகள் வைத்துத் தைத்தேன்,
மீன் தூண்டில் நரம்பால்,
அவள் விட்டுப்போன விரல்கூட்டைப் போட்டுக்கொண்டு.
என் சுண்டுவிரலில்தான் அது நுழைந்தது.

சனிக்கிழமை வெல்தா வந்தாள்,
தையல் மெஷினை எடுத்துப்போக.
கதவு திறந்தே இருந்தது.
நான் தரையில், பதினேழில்.
எழவில்லை. பதினெட்டு. அவளும் பேசவில்லை.
இருபதில் முழங்கால் ஊன்றினேன்.
அவள் குனிந்து தையலைப் பார்த்தாள்,
ஒரு பையை விரலால் சுண்டினாள்.
"இடப்பக்கம் கனமாக இருக்கிறது."
"ஒன்று பெரிய கட்டி."
"தெரிகிறது."

மெஷினோடு
கதவோரம் சாய்ந்திருந்த இரும்புத் தட்டையும் எடுத்தாள்.
"இது எதற்கு?"
"முட்டைகோஸ் போட்டிருக்கிறேன்.
வாளிக்கு மேலே பாரம் வேண்டும்."
"உப்பில் துரு ஏறும்."
"நடுவில் பீங்கான் தட்டு வைப்பேன்,
எனக்குத் தெரியாதா?"

ஐந்து மாடி. லிப்ட் கிடையாது.
மெஷினை நான் தூக்கினேன்,
சட்டையைக் கழற்ற மறந்து, பதினான்கு கிலோ ஈயத்தோடு.
தட்டை அவள் மார்போடு அணைத்துக்கொண்டு
எனக்கு முன்னால் இறங்கினாள்,
படிக்குப் படி ஒரு சின்ன மூச்சு.
காரில் வைத்த பிறகு
இருவரும் இடுப்பில் கை ஊன்றி நின்றோம்
ஒரே மாதிரி.

இப்போது அது எங்கோ ஒரு மாடிப்படிக்குக் கீழே
கோஸ் இலைகளை மெல்ல மெல்ல
அதன் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிக்கொண்டிருக்கும்.
ஆறு வாரம் ஆகும் என்றாள்.

நான் இருபத்தாறுக்கு வந்துவிட்டேன்.
இடத்தோள் கொஞ்சம் இறங்கித்தான் போகிறது.
கட்டியை இன்னும் மாற்றவில்லை.