மூன்று சதவீதம்

நூறு லாரி புறப்பட்டால்
மூன்றுதான் அக்கரை சேரும்.
நிலவேம்பின் கசப்பைப் பற்றி
முதல் வருட அறிக்கையில் இப்படி எழுதியிருந்தேன்.
பிஜு சார் சிவப்பு மையால் அடித்து
'ரத்தத்தில் சேர்வது மூன்று சதவீதம்' என்று திருத்தினார்.

எட்டிமடையில் ரயிலேறி
கஞ்சிக்கோட்டில் இறங்குகிறவளுக்கு
வேறென்ன உவமை வரும்?
வாளையாற்றில் வரிச்சாவடியை எடுத்து
வருடங்கள் ஆயிற்று.
கல்லீரலில் மட்டும் எடுக்கவில்லை.
ஒவ்வொரு மூலக்கூறாக நிறுத்தி
தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்து
முதுகில் ஒரு சர்க்கரை மூட்டையைக் கட்டி
சிறுநீர் வழியே திருப்பிவிடுகிறார்கள்.
சட்டப்படி சரிதான்.
வெளிச்சரக்கு.

அதற்கு முன்னாலேயே படுத்தியது மாத்திரை.
கணவாய்க்குள் ஆடிக்காற்று நுழைந்த வாரம்
தூள் ஈரம் குடித்து அச்சில் ஒட்டிக்கொண்டது.
அழுத்தத்தைக் கூட்டினால்
குல்லாய் கழன்றதுபோல் மேல்மூடி விழுந்தது.
குறைத்தால் ஓரம் உதிர்ந்தது.
மாவைக் கூட்டி, வழவழப்பைக் குறைத்து
பதினான்காவது முறை
சுழலும் டப்பாவுக்குள் நூறு தரம் விழுந்தும்
உடையாமல் வந்தது ஒன்று.
வயிறாக நடிக்கும் கண்ணாடிக் குடுவையில்
முப்பத்தேழு டிகிரி அமிலத்தில்
அரைமணிக்குள் நல்லபிள்ளையாய்க் கரைந்தது.
அப்புறமும்
அதே மூன்று.

பிறகுதான் மிளகு.
மாத்திரைக்கு ஐந்து மில்லிகிராம் சத்து.
சாவடிக்காரன் உள்ளங்கையில்
மடித்துத் திணிக்கிற நோட்டு மாதிரி.
எலிகளின் ரத்தத்தில் மூன்று, பதினொன்றானது.
திரையில் கோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு
கேன்டீனில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கினேன்.
செந்தாமராக்ஷனுக்கு இரண்டு.

எலிக்கூண்டு கழுவுகிறவர் அவர்.
ஓரம் சிதைந்தவை என்று நான் ஒதுக்கிய டப்பாவிலிருந்து
ஒரு கை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனது
எனக்குத் தெரியாது.
'பனி' என்றாராம் வாட்ச்மேனிடம்.
அவர் மொழியில் அது காய்ச்சல்.
என் மொழியில் விடிகாலைப் புல்லில் கிடப்பது.
பதினெட்டு வருடமாக
வலிப்புக்கு அவர் விழுங்கிவரும் வெள்ளை மாத்திரை
அதுவும் யாருக்கும் தெரியாது.

ஆறாம் நாள்
புதுசேரி நிறுத்தத்தில் தரை படகாய் ஆடியது.
கண்மணிகள் ஓரத்துக்கு ஓடி ஓடித் திரும்பின.
குடித்திருக்கிறான் என்று கண்டக்டர் இறக்கிவிட்டார்.
'ஞான் குடிச்சிட்டில்லா'
என்று சொன்ன நாக்கும் குழறியது.

ஜில்லா ஆஸ்பத்திரிச் சீட்டில்
இருபதைத் தாண்டக்கூடாத எண்
முப்பத்தொன்றில் நின்றது.
நின்றுகொண்டே வாசித்தேன்.
என் லாரிக்காக நான் கொடுத்த நோட்டில்
சாவடி மொத்தமும் தூங்கிவிட்டது.
பின்னால் வந்த வண்டியை யாரும் நிறுத்தவில்லை.
பதினெட்டு வருடம்
அளவோடு கடந்துகொண்டிருந்த
அந்த மனிதரின் வண்டி.

எலிகளுக்கு வலிப்பு இல்லை.
எலிகள் வேறெதுவும் சாப்பிடவில்லை.
தூய்மையான எலிகள்.

ஒன்பதாம் நாள் தலையணையில் சாய்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்:
'பட்சே பனி போயி, கேட்டோ. அதும் எழுதிக்கோ.'

எழுதினேன்.
காய்ச்சல் போனதையும்
டப்பாவுக்கு நான் பூட்டு போடாததையும்
மிளகின் பெயருக்கு நேரே
நீளமான ஒரு கட்டத்தையும்.
உடன் உட்கொள்ளும் மருந்துகள்: கேட்கவும்.
பிஜு சார் இந்த முறை எதையும் அடிக்கவில்லை.
கையெழுத்துப் போட
வெகுநேரம் பேனா தேடினார்.

சாயங்கால வண்டி
வாளையாற்றுக் காட்டில் ஊர்ந்துதான் போகும்.
யானை கடக்கிற இடம்.
தினமும் சலித்துக்கொள்வேன்.
இன்று இருட்டில் முழுசாக நின்றே விட்டது.
எதிர்சீட்டுக்காரர் டிரைவரைத் திட்டினார்.
பதினேழு நிமிடம்.
குறித்துக்கொண்டேன்.