முதுகில் ஜிப்

கேரட் லாரிகள் இறங்கிப் போனபின்
கோத்தகிரியில் ஒன்பதரைக்குத் தொடங்குவோம்.
சகாயநாதனின் டயர் கடை,
முக்கால்வாசி இறக்கிய ஷட்டர்,
சுண்ணாம்பு அடித்த சுவர்.
வருஷத்துக்கு ஒருமுறை, அதே படம்.

வானத்திலிருந்து தட்டு ஒன்று விழுகிறது.
கவிழ்த்து ஒட்டிய இரண்டு இட்லிச் சட்டி மூடிகள்,
நடுவில் சைக்கிள் டைனமோ விளக்கு.
தூண்டில் நரம்பு பளிச்சென்று தெரியும் இடத்தில்
தவறாமல் கைதட்டுகிறோம்.
ஏரி கொப்பளிக்கிறது, ஒரு வாளி சோடா உப்பில்.
ஏறி வருகிறது வேற்றுக்கிரகத்து உயிர்.
லாரி டியூபில் தோல்,
மழைக்கோட்டில் வயிறு,
இடது கண் பச்சைக் கோலிக்குண்டு,
அதுவும் நாலாவது ரீலில் நீலமாகிவிடும்.
அதற்கு நம்மூர்த் தண்ணீர் வேண்டுமாம்.
எதற்கு என்று கடைசிவரை சொல்வதில்லை.

எழுபத்தொன்பதில், அவலாஞ்சி பக்கம்,
பதினொரு நாளில் எடுத்தார்களாம்.
சம்பளம் கேட்காத ஒரே நடிகர் மேகம்.
அது இறங்கினால் கேமரா ஓடும்,
விலகினால் எல்லோருக்கும் டீ,
வெயில் பட்டால் முதுகு ஜிப் மின்னிவிடும் என்று.
ஒரே ஒரு ஷாட்டில் காற்று ஏமாற்றிவிட்டது.
கழுத்திலிருந்து இடுப்புவரை
பல்லிளிக்கிறது பித்தளை.

அந்த ஷாட்டுக்காகத்தான் நான் வருகிறேன்.

பகலில் நான் கூட்டுறவு பாங்கில்
நகை மதிப்பிடுகிறவள்.
கல்லில் உரசி, அமிலம் சொட்டி,
தராசின் நடுக்கம் அடங்கக் காத்திருந்து
போலியைப் பிடிப்பதற்கு எனக்குச் சம்பளம்.
பிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும்
எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கை
இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.
இங்கே உரசத் தேவையில்லை.
போலி தானாகவே முன்வந்து நிற்கிறது
மூச்சு வாங்கியபடி,
இரண்டு கைகளையும் தூக்கி.
உள்ளே ஒரு ஆள் வேர்த்துக்கொண்டிருக்கிறான்
என்னைப் பயமுறுத்திவிட வேண்டும் என்று.
யார் அப்படி மெனக்கெடுகிறார்கள் எனக்காக?

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
கதாநாயகி ஓடைக்கரையில் தலை துவட்டுகையில்
பின்னால், மேகத்துக்குள்,
ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கும்.
நடக்காது. சத்தம் இல்லை.
ஏழாவது முறை பார்க்கும்போதும்
என் கால் இரண்டும் நாற்காலிமேல் ஏறிக்கொள்கின்றன.
கண் கண்டுபிடித்ததைக்
கால் நம்பவில்லை.

போன டிசம்பரில் அந்த ஓடைக் காட்சியின்போது
பக்கத்து மொய்தீன் பேக்கரியில் கதவு முறிந்தது.
படத்தை நிறுத்தக்கூடத் தோன்றாமல் உறைந்திருந்தோம்.
ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே
வளைந்த நகங்களோடு நாலு பாதங்கள்,
அவசரமில்லாமல்.
நெய் வர்க்கி வாசம். ஈரச் சாக்கு நாற்றம்.
கரடி.
படத்தில் வருவதுபோல் கர்ஜிக்கவில்லை,
கையைத் தூக்கவில்லை.
தகரத்தை உருட்டியது, நக்கியது,
ஒரு தும்மல் போட்டது.
நடிப்பே வராத பிராணி.
திரும்பிப் போகையில் தெருவிளக்கில்
முழு முதுகையும் காட்டியது.
இருட்டுக்குள்ளிருந்து லட்சி கிசுகிசுத்தாள்,
"ஜிப் எங்கே?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
சிரிக்கும்போதுதான் கவனித்தேன்,
பதினான்கு பேரும் உண்மையிலேயே
அந்த முதுகில் தேடிக்கொண்டிருந்தோம்.

சகாயநாதன் பத்து நிமிஷம் பின்னால் ஓட்டி
மறுபடியும் போட்டான்.
தட்டு விழுந்ததெல்லாம் முன்பே முடிந்துவிட்டதால்
நேராக ஏரிக்கரை.

கடைசி வரிசையில், டயர் அடுக்கில் சாய்ந்து
ஹாலன் அண்ணன் இருந்தார்.
அந்தப் பதினொரு நாளும் டியூபுக்குள் இருந்தவர் அவர்தான்.
இப்போது அறுபத்தேழு வயது,
மூன்று ஏக்கரில் பீட்ரூட்.
படத்தைப் பற்றிக் கேட்டால்
"குளிரவே இல்லை" என்பார், அவ்வளவுதான்.
திரையில் அது தண்ணீரைவிட்டு எழுந்து
முதல் அடி எடுத்து வைக்கிறபோது மட்டும்
மஃப்ளரைத் தளர்த்தி,
கண்ணை எடுக்காமல்,
கழுத்தைச் சொறிந்துகொள்கிறார்.