ஈறு நிறம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
இரண்டாம் மாடியில் பல் கட்டும் அறை.
பகலெல்லாம் மற்றவர்களின் வாய்கள்.
கொழும்பு பஸ்ஸின் கடைசிக் கூவல் அடங்கியதும்
மேசை விளக்கின் கழுத்தை வளைத்து இழுத்து
ஒரு போர் விமானம் கட்டுகிறேன்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு,
மாடிக் கட்டில் மாதிரி.
இடையில் எட்டுத் தூண்கள். பெட்டியில் ஏழுதான் இருந்தன.
எட்டாவதை
யாரோ வாங்க வராமல் விட்ட கீழ்ப்பல் செட்டிலிருந்து
அறுத்து அராவினேன்.
பொருந்தியது. பூச்சு போட்டால் தெரியாது.

ஜூன் மாதம் பூச்சுக்கு ஆகாது.
அடித்த மறுநிமிடம்
ஜன்னல் இடுக்கால் நுழைந்த மூட்டம்
சிறகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
பச்சை, பூஞ்சணம் பூத்த பச்சையாகிறது.
மூன்று தடவை சுரண்டினேன்.
நான்காம் தடவை
நாற்பது வாட் பல்பு வைத்த பிஸ்கட் டின்னுக்குள்
கோழிக்குஞ்சைப் போலக் காத்தேன்.

சிறகின் அடிப்பக்கம் துணி நிறம் என்கிறது தாள்.
பிளேன்டீ தொட்டு அடிக்கலாமென்று பார்த்தேன்,
தோட்டத்துப் புத்தி.
பிளாஸ்டிக்கில் நிற்காமல் உருண்டு ஓடிற்று.
கடைசியில் கைகொடுத்தது
முப்பது வருடம் வெற்றிலை போட்ட வாய்க்கென்று
நான் கலந்து வைத்திருந்த மஞ்சள்.

கம்பிகள்தான் தூக்கத்தைத் தின்றன.
தலைமயிர் சுருண்டது. நூலில் பிசிர்.
பல்லைப் பல்லோடு கட்டும் உருக்குக் கம்பியை
இழுத்து முறுக்கியபோது
மேல் சிறகு ஒருமுறை முனகி நேரானது.
வாய்க்குள் செய்தால் வலிக்கிற வேலை.

பிறகு விமானி.
நகத்தளவு ஆள். தொப்பி, கண்ணாடி, கழுத்துத் துணி போக
மிச்சம் ஒரு மூக்கு, இரண்டு கன்னம்.
தாள் சொல்கிறது: தோல் நிறம், எண் அறுபத்தொன்று.
திறந்தேன். தெரிந்த நிறம்தான்.
ஈறுத் தூளும் இதே நிறத்தில்தான் டப்பாவில் வருகிறது,
கப்பலேறி வருகிறது,
எந்த வாய்க்கென்று கேட்காமல் வருகிறது.
எங்கள் ஈறு நாவற்பழம் தின்ற ஈறு.
பதினொரு வருடமாக ஒவ்வொரு செட்டுக்கும்
ஒரு சிட்டிகை கபிலம், ஊசிமுனை ஊதா.
பழகிய கை.
தூரிகையைக் கழுவும்போதுதான் பார்த்தேன்,
விமானி பொகவந்தலாவைக்காரன் மாதிரி இருந்தான்.

அப்படி ஒருவன் பறந்தானா, தெரியாது.
பறந்தான் என்று சொல்லவும் மாட்டேன்.
அழிக்கவில்லை, அவ்வளவுதான்.
பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரனுக்கு அறுபத்தொன்றையே அடித்தேன்.
முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள்,
முகம் பார்க்க வேண்டியதில்லை.

குண்டு இரண்டு. ஒன்று அலுமாரிக்குக் கீழே போய்விட்டது.
மற்றதை மட்டும் தொங்கவிட்டால் சாய்ந்தாற்போல் தெரியும்.
சமாதானத்துக்கென்று யாராவது நினைத்தால்
நினைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை சவரிமுத்து வந்தார், மேல் செட்டுக்கு.
மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து ஏற்றும் டிரக்டர்.
முன்பற்கள் நான்கையும்
ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டில் கொண்டுபோயிற்று,
ஒரு விடியற்குளிரில், திருப்பி அடித்ததில்.
மாட்டிவிட்டு 'ச' சொல்லச் சொன்னேன்.
சனி. சக்கரம். சவரிமுத்து.
ஒவ்வொன்றிலும் காற்று விசிலடித்தது.
கழற்றி அராவினேன். மறுபடி சனி, சக்கரம்.

எழுந்தவர் விமானத்தைப் பார்த்தார்.
எந்த நாட்டதென்று கேட்கவில்லை.
மூக்கிலிருந்த விசிறியை விரல்நுனியால் தொட்டார்.
அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.
"இதையும் கையாலதான் சுத்தி எழுப்பணுமா?"
ஆமாம், ஒருத்தர் முன்னால நின்று.
சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.
"அந்தாளு எங்க? பெட்டியில வரலியா?"

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
தாளை விளக்கடியில் பிடித்து எண்களைத் தேடினேன்.
சவரிமுத்து
நாக்கால் புதுப் பல்லைத் தடவியபடி
விசிறிக்கு நேரே நிற்காமல்
ஓரடி தள்ளி நின்றிருந்தார்.