பூஜ்யம் சதவீதம்

வால்டிவியாவில் மழை என்று எழுதுவது
தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்று எழுதுவதைப் போல.
மழையை விட்டுவிடுகிறேன்.

மரவளைய ஆய்வகம், இரண்டாம் மாடி, இரவு பதினொன்றேகால்.
அலெர்சே மரங்களில் பென்சில் கனத்துக்குத் துளைத்தெடுத்த குச்சிகள்,
அவற்றின் படங்கள் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
ஒவ்வொன்றிலும் வளையம் எண்ண வேண்டும்,
வெள்ளிக்கிழமை டாக்டர் ஒயார்சோ விமானம் ஏறுமுன்.

படத்துக்கு ஓர் இழை என்று திரித்தால்
இயந்திரம் மூச்சு முட்டிப் படுத்துவிடும்.
மார்ச் மாதம் அதையும் செய்து பார்த்தாயிற்று.
ஆகவே எட்டே இழைகள்.
வேலை முடிந்த இழை வீட்டுக்குப் போவதில்லை,
வரிசையின் தலையிலிருந்து அடுத்ததை உருவிக்கொள்ளும்,
ஆற்றங்கரை மீன் சந்தையில் ஏழாம் கடை இர்மா மாதிரி:
கத்தி செதிலில், கண் அடுத்த சீட்டில்,
"ஐம்பத்து நாலு!"
அங்கே யாரும் முண்டியடிப்பதில்லை,
கடற்சிங்கங்களைத் தவிர.
அவை சீட்டு எடுப்பதில்லை.

மூவாயிரம் படங்கள் வழுக்கிக்கொண்டு போயின.
இயந்திரத்தின் விசிறி இரைய
மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றப் போனேன்.
திரும்பும்போது
இரைச்சல் இல்லாததுதான் காதில் விழுந்தது.

திரையில் பிழை இல்லை. சிவப்பு எழுத்து ஒன்று இல்லை.
எட்டு இழைகளும் உயிரோடு.
உழைப்பு: பூஜ்யம் சதவீதம்.

ஏப்ரலில் நான் எழுதிய நான்கு வரிகள்.
குச்சி உடைந்திருந்தால்
படத்தை இரண்டாக வெட்டு,
துண்டுகளை வரிசையின் வாலில் போடு,
விடை வரும்வரை காத்திரு.
எழுதியபோது நியாயமாகத்தான் பட்டது.
பத்தொன்பதாம் பெட்டி சிலோயே தீவிலிருந்து வந்தது,
படகில் ஏற்றுகையில் யாரோ கைநழுவ விட்டது,
உள்ளே முழுக் குச்சி ஒன்றுகூட இல்லை.
எட்டு இழைகளுக்கும் ஒரே நேரத்தில் எட்டு உடைசல்.
வெட்டின, வாலில் போட்டன, கைகட்டி நின்றன.
துண்டுகளோ ஒரு கை காலியாகட்டும் என்று நின்றன.
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

ஓடும்போதே ஒன்பதாவது இழையைச் சேர்த்தேன்.
அது ஓடிவந்து
வரிசையின் தலையிலிருந்ததை எடுத்து
அதுவும் உடைசலாக இருக்க
வெட்டி, வாலில் போட்டு,
மற்ற எட்டின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

காவலர் எலியேசர் டார்ச்சோடு எட்டிப் பார்த்தார்.
"பழுதா?"
"இல்லை. காத்திருக்கிறார்கள்."
"யாருக்காக?"
"அவர்களுக்காகவே."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:
லாங்கோ பக்கம் அப்பா விட்டுப்போன நிலம்,
ஏழு வாரிசு,
ஏழு பேரும் கடைசியாகத்தான் கையெழுத்துப் போடுவார்களாம்.
பதினோரு வருஷம்.
முள்வேலி தானாகவே படுத்துவிட்டது.

காத்திரு என்ற ஒரு சொல்லை அழித்தேன்.
வெட்டிய இழை இனி நிற்காது:
துண்டுகளோடு ஒரு குறிப்பை வைத்துவிட்டு
அடுத்த படத்துக்குப் போய்விடும்.
எந்தத் துண்டு கடைசியாக முடிகிறதோ
அதை எண்ணிய இழை கூட்டிக்கொள்ளட்டும்.
வெட்டியது யார், கூட்டியது யார்
என்பது மரத்துக்கு எதற்கு?

விசிறி மறுபடி இரைந்தது.
முதல் உடைசலின் பின்பாதி முன்பாதியை முந்திக்கொண்டு வந்தது,
அறுநூற்றுப் பதினொன்று வளையம்.
முன்பாதி வரிசையில் எங்கோ பின்னால் சிக்கியிருந்தது,
அதற்காக யாரும் நிற்கவில்லை.
இரண்டேமுக்காலுக்கு வந்தது: ஆயிரத்து இருநூற்று நான்கு.
ஐந்தாம் இழை கூட்டிப் போட்டுவிட்டு
திரும்பிப் பாராமல் போயிற்று.

எலியேசர் எழுந்தார், நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தார்.
"கடைசியாக முடிப்பவர் கூட்டுவார்" என்று சொன்னேனே,
அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்றார்.
அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்,
எழுத்து பெரிதாக இருக்கட்டும்.