பத்தேகால்

இரவு பத்தேகாலுக்கு
என் வீடு தானாகக் கண்ணை மூடிக்கொள்ளும்.
முதலில் கூடம், பிறகு சமையலறை,
கடைசியாக, ஒரு மூச்சு தள்ளி, மாடிப்படி.

ரோரி போய் ஐந்து மாதம்.
அவன் எழுதிவைத்த அட்டவணை மட்டும்
இன்னும் வேலைக்கு வருகிறது,
ஒரு நாள் விடுப்பில்லாமல்.
இருந்தபோது அணைத்ததைவிட
போன பிறகு அணைத்ததுதான் அதிகம்.

டண்டீயில் டிசம்பர்.
நாலு மணிக்கே டே ஆறு காணாமல் போகிறது.
பாலத்தில் போகும் ரயில்
கோத்த ஜன்னல்களாக மட்டும் தெரிகிறது.
இந்த ஊரில்
சோப்பு நுரைக் கையோடு நிற்கும்போது
விளக்கு போவது என்றால் என்னவென்று
அபர்டீனில் இருக்கும் ஒரு செல்பேசிக்குத் தெரியாது.
எழுதிக் கேட்டேன்.
"மறந்துட்டேன், பார்க்கிறேன்" என்றான்.
பார்க்கவில்லை.
வேண்டுமென்றா, மறதியா?
இருட்டுக்கு இரண்டும் ஒரே நிறம்.

வியாழக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.
கல்லூரியின் பின்கட்டு, வெல்டிங் வாசனை.
ஐம்பத்திரண்டு வயதில் நான்,
வாய் பேசாத இரட்டையர் இருவர்,
தன் கெட்டில் தன்னைக் கொல்லப் பார்த்ததாகச் சொல்லும்
பஸ் ஓட்டுநர் டூகல்.
சொல்லித்தந்த ஷோனா எங்கள் எல்லோரையும்விட இளையவள்.
முதல் நாள் எதையும் தொடவிடவில்லை.
"குரைக்காத நாய் இது" என்றாள்.

மெயினை நிறுத்து.
பூட்டு. சாவி உன் பையில் இருக்கட்டும்.
டெஸ்டரை
உயிர் இருக்கும் இடத்தில் முதலில் வைத்துப் பார்.
பிறகு உன் கம்பியில்.
பிறகு மறுபடியும், உயிர் இருக்கும் இடத்தில்.

மறுபடி எதற்கு? டூகல் கேட்டார்.

"நடுவில் டெஸ்டரே செத்திருக்கலாம்.
பதில் வரவில்லை என்றால்
இல்லை என்று அர்த்தமில்லை."

நோட்டில் தேதி போட்டு
அதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை நண்பகல்.
எதிர்வீட்டு மைரியிடம் சொல்லிவிட்டு
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
மாடிப்படிச் சுவிட்சின் முன் நின்றேன்.
அதன்மேல் ரோரி ஒட்டிய டேப்பு: தொடாதே.
பிய்த்தபோது ஒரு மூலை உடைந்து வந்தது.

மூன்று முறை சோதித்தேன்.
கை நடுங்கியதால் நாலாவது முறையும்.

உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று,
பச்சை உறைக்குள் எர்த்.
கறுப்பு சாது என்று நினைத்திருந்தேன்.
இந்தப் பெட்டிக்குள் அது
விளக்குக்கு உயிர் கொண்டுபோகும் கம்பி.
அதன்மேல் ஒரு சிவப்புப் பட்டை சுற்றியிருக்க வேண்டும்,
எழுபதுகளில் வந்த யாரோ ஒருவர்.
சுற்றவில்லை.
அவரும் மறந்திருப்பார்.

நான் வாங்கிவைத்த புத்திசாலி சுவிட்சு,
முப்பத்தெட்டு பவுண்டு,
நியூட்ரல் கேட்டது.
இந்தச் சுவரில் நியூட்ரல் இல்லை.
உரக்கச் சிரித்துவிட்டேன், தனியாக, ஏணிமேல்.
ஆணியும் அடிக்கத் தெரியாத கையால்
இரண்டு பவுண்டு சாதா வெள்ளைச் சுவிட்சை மாட்டினேன்.
திருகை இறுக்கி, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்து,
கறுப்பின்மேல் சிவப்புப் பட்டை சுற்றினேன்.
அடுத்து திறக்கப்போவது யாரோ,
பெயர் தெரியாத அவருக்காக.

ஆனால் அட்டவணை இருந்தது சுவரில் அல்ல.
டிவிக்குப் பின்னால்,
சோப்புக்கட்டி அளவு வெள்ளைப் பெட்டியில்.
அதன் அடியில் ஒரு ஊசித்துளை.
பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக் குத்தி
பத்து வரை எண்ணினேன்.
ஐந்து மாதம், பத்து எண்.
பிறகு வைஃபைக்குப் புதுக் கடவுச்சொல்,
அவனுக்கு உச்சரிக்க வராத
என் அம்மா ஊர்ப் பெயர்,
பின்னால் ஒரு நீள எண்.

அன்றிரவு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்,
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
பத்தேகால்.
பத்து இருபது.
கூடம் விழித்திருந்தது. சமையலறை விழித்திருந்தது.
பத்து நாற்பதுக்கு எழுந்து
நானே அணைத்தேன்.

டக்.

அந்தச் சத்தத்துக்காக
மறுபடி போட்டேன்.