வேறு காரணம்

வல்டிவியாவில் மழையைப் பருவம் என்று சொல்லமுடியாது.
குடியிருக்கிறது, வரி மட்டும் கட்டுவதில்லை.
அதோடு சேர்ந்து
பாலத்தின் மேற்கு முனையில், தகரக் கூரைக்குக் கீழே
நான் கார்களை எண்ணுகிறேன்.
கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்.
ஒரு காருக்கு ஒரு சொடுக்கு.
காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பெரும்பாலும் காருக்கு ஒரே ஆள்,
பின்னிருக்கையில் ஒரு குடை,
அதற்கும் பெல்ட் போடாத குறைதான்.

நகராட்சி முதலில் பனிப்பாறையை அனுப்பியது.
ஆளுயரச் சுவரொட்டி, உருகும் நீலம்,
அடியில் 'எல்லாம் உங்கள் கையில்'.
கையெல்லாம் ஸ்டியரிங்கில் இருந்தது.
மூன்றாம் வாரம் பசை ஊறி
பனிப்பாறை தானாகவே நடைபாதையில் சரிந்தது.
அன்றைக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது.
எட்டு நாள் பேருந்தில் கால் வைக்க இடமில்லை.
வாய்க்கு வந்தபடி அரசாங்கத்தைத் திட்டியபடியே
பக்கத்தில் தொங்குகிறவர் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள்.
ஒன்பதாம் நாள்
விலை பழகிவிட்டது.

எனக்கு ஆட்களைத் தெரியாது, கார்களைத் தெரியும்.
ஏழு இருபதுக்குச் சாம்பல் நிற நிஸான்
என்றால் பால்தொமேரோ ஒயார்சோ, நில அளவைத் துறை.
ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை நிஸான் வரவில்லை.
மகள் எடுத்துக்கொண்டு ஒசோர்னோ போய்விட்டாளாம்.
மனிதர் நடந்து வந்தார்,
காற்றில் மேல்நோக்கி மடிந்த குடையோடு,
மகளையும் மழையையும் மாறி மாறி ஏசிக்கொண்டு.
நடுப்பாலத்தில் நின்றார்.

கீழே ஒரு கடற்சிங்கம்.
வாயில் பாதி மீன்.
அது அவரைப் பார்த்தது,
கடன் கொடுத்தவன் பார்ப்பதுபோல்.
பத்தொன்பது வருஷமாக அதே பாலத்தைக் கடந்தவர்
நான்கு நிமிடம் அசையவில்லை.
அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார்.

புதன்கிழமை கார் வீட்டுக்குத் திரும்பிவிட்டது.
ஆனாலும் நடந்தே வந்தார்,
அது இருக்கிறதா என்று பார்க்க.
இல்லை.
வியாழனும் இல்லை.
அதனால்தான் வெள்ளிக்கிழமையும் வந்தார்.

அடுத்த வாரம், கைப்பிடிச் சுவரில்
அவர் குனிந்து நின்ற தினுசைப் பார்த்து
விழப்போகிறார் என்று பயந்து
பல் மருத்துவமனை எர்சிலியா
நட்டநடுவில் வண்டியை நிறுத்தினாள்.
பின்னால் முப்பது கார்கள் அலறின.
அவர் விரலை உதட்டில் வைத்து
கீழே காட்டினார்.
தண்ணீர்தான் இருந்தது.
இப்போது இருவரும் ஒரே குடையில் வருகிறார்கள்.
அவர்களுக்குள் ஏதாவது உண்டா என்பதற்கு
என் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆயிரத்து நானூற்றுப் பத்து.

மேலதிகாரி ரிகோபெர்தோவுக்கு அறிக்கை வேண்டுமாம்,
எது பலிக்கிறது என்று.
விலை, உடல்நலம், சுற்றுச்சூழல், வேறு காரணம்.
நான் கடைசியில் குறியிட்டு விவரத்தை எழுதினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நகராட்சி எத்தனை கடற்சிங்கம் வாங்கவேண்டும்?"
கேலி இல்லை. பட்ஜெட் கூட்டம் மறுநாள்.
வாங்கினால் கெட்டுவிடும் என்றேன்.
அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
நானும் காரில்தான் வருகிறேன்.
ஆறரைக்கே பாலத்தைக் கடந்துவிடுவேன்,
எண்ணிக்கை தொடங்கும் முன்பு.
தகரத்துக்குப் பின்னால் நிறுத்துவேன்.
ஏழு வருஷமாக எந்தக் கணக்கிலும் நான் இல்லை.

நேற்று ஒன்பது மணிக்கு
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
நடுப்பாலம்வரை போனேன், சும்மா.
கய்யே-கய்யே ஆறு காப்பி நிறத்தில் ஓடியது.
சந்தைப் பக்கமிருந்து மீன் நாற்றம்.
கீழே எதுவும் தலை தூக்கவில்லை.
குளிர். காலுறை நனைந்துவிட்டது.
இதற்கா என்று தோன்றியது.

இன்னொரு ஐந்து நிமிடம் நின்றேன்.
பிறகு திரும்பாமல்
அந்தக் கரைக்கே நடந்துவிட்டேன்.
பைக்குள் கட்டைவிரல்
பழக்கதோஷத்தில் ஒருமுறை சொடுக்கியது.
எதை எண்ணினேன் என்று தெரியவில்லை.

இன்று காலை பேருந்தில் வந்தேன்.
நாளைக்குச் சத்தியம் செய்யமாட்டேன்.
கார் தகரத்துக்குப் பின்னால்
நேற்றிலிருந்து நனைந்துகொண்டிருக்கிறது.