நாற்பது புள்ளிக்குக் குறைந்த கூரை

மாவட்டத்தின் பெயரை வெளியே சொல்லமாட்டேனென்று
கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
இமயத்தில் எங்கோ என்று மட்டும் சொல்லலாம்.
கொள்ளுப்பிட்டியில் ஒன்பதாம் மாடி,
குளிரூட்டி பதினெட்டில்,
சுவெட்டர் போட்டுக்கொண்டு நான்
அங்கேயுள்ள கூரைகளைச் சுற்றிப் பெட்டி கீறுகிறேன்.
கூரைக்கு ஆறு ரூபாய்.
கூரை குறைந்த மாவட்டம் ஒருவருக்கும் விருப்பமில்லை.
புதிதாய் வந்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது.

பிறகு ஒரு சூத்திரம் வரும்:
கூரை ஒன்றுக்கு மூன்று தசம் மூன்று ஆட்கள்.
அந்தத் தசம் மூன்று யாரென்று
முதல் மாதம் முழுக்க யோசித்தேன்.
வருசத்தில் மூன்றரை மாதம் மட்டும்
வீட்டுக்கு வந்து நிற்கிறவனாய் இருக்கும்.

பெரும்பாலும் ஒன்றுமில்லை அங்கே.
கல், பழுப்பு, மறுபடி கல்.
ஆறு ஒன்று, அவிழ்த்த பின்னல்மாதிரி
இழையிழையாய்ப் பிரிந்து சேர்ந்து பிரிகிறது.
பக்க ஓடை மண்ணைக் கொட்டிய இடத்தில்
விசிறி விரித்ததுபோல் கொஞ்சம் பச்சை,
பச்சைக்குள் ஏழு வீடு.
அதுதான் ஊர்.
அடுத்த ஊர் வர
மதியச் சாப்பாடு வந்துவிடும்.
சதுரக் கிலோமீற்றருக்கு ஒருவர்,
அந்த ஒருவரும் முழுசாய் இல்லை.
வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸைச்
சதுர அடியில் சொன்னால் போதும்:
ஒரு குளியலறை, ஐந்து பெண்கள்,
காலை ஆறேகாலிலிருந்து வரிசை.

பனியை எண்ணுவதில்லை.
பனி விழுந்த இடத்துக்குக் குறியீடு ‘தரவு இல்லை’.
முகிலுக்கும் அதுவேதான்.

ஆவணி மாதப் படத்தில் கூரையெல்லாம் செம்மஞ்சள்.
தறப்பாள் என்று குறித்தேன்.
வானத்திலிருந்து தெரிகிற நிறமென்றால்
எனக்கு வேறென்ன ஞாபகம் வரும்.
‘இடம்பெயர்ந்தோர்’ என்று குறிப்பும் போட்டேன்.
மேற்பார்வையாளன் தினுக்க திருப்பி அனுப்பினான்:
அது அப்ரிகொட். பழம் காயவிட்டிருக்கிறார்கள்.
காலைத் தேநீருக்கு முன்
ஒரு பள்ளத்தாக்கையே அகதியாக்கியிருந்தேன்.

ஆட்கள் தெரியமாட்டார்கள்.
மார்கழிப் படத்தில் நிழல் தெரியும்.
சாய்ந்த வெயிலில் ஆளுக்கு மேலே நீண்டு
வெள்ளையில் ஒரு கறுப்புக் கீறல்,
அதற்குப் பின்னால் இன்னொன்று,
சின்னது. பிள்ளையோ, மறியாடோ.

சனிக்கிழமை எங்களை எண்ண வந்தார்கள்.
பஸ்ஸும் கடலும் இரைகிற இந்த இடத்துக்கும்
கிராம சேவகர் என்றுதான் பெயர்.
அவர் பிரிவிலிருந்து ஃபரீனா ரீச்சர்,
கையில் டப், கழுத்தில் அட்டை.
வீட்டுக்கார அங்கிள் முதல் நாளே சொல்லிவிட்டார்:
“மூண்டு பேர் எண்டு சொல்லுங்கோ பிள்ளை.
மாநகரசபைக்காரன் கேள்வி கேப்பான்.”
மூன்று என்றேன்.
சுகந்தினியும் கல்முனைப் பிள்ளை நதீராவும்
குசினிக்குள் மூச்சை அடக்கி நின்றார்கள்.
ரீச்சர் குனிந்து வாசலைப் பார்த்தா.
ஐந்து சோடி செருப்பு.
நிமிர்ந்து என்னைப் பார்த்தா.
மூன்று என்று அடித்தா.
தண்ணீர் கேட்டா. கொடுத்தேன்.

திங்கட்கிழமை, கணவாய்க்குக் கீழே,
எந்த ஊரிலும் சேராமல் ஒற்றைக் கூரை.
நாற்பது புள்ளிக்குக் குறைந்தால் வீடில்லை என்பது விதி.
எண்ணினேன். முப்பத்தெட்டு.
திரும்ப எண்ணினேன். முப்பத்தெட்டுத்தான்.
ஆனால் பனியில் அதன் வாசல்வரைக்கும்
மெல்லிசாய் ஒரு தடம் போகிறது,
அங்கேயிருந்து ஆற்றுக்கும் போகிறது.
பெட்டியைக் கொஞ்சம் தாராளமாய்க் கீறினேன்.
வீடு என்று கொடுத்தேன்.

மூன்று தசம் மூன்று பேர் அங்கே கூடினார்கள்.
இங்கே குறைந்தது இரண்டு பேர்.
கணக்குச் சரிவராதுதான், தெரியும்.

தினுக்க இன்னும் திருப்பி அனுப்பவில்லை.
ஆட்டுப்பட்டியாகவும் இருக்கலாம்.